ஏசி மேல் போட்ட துண்டு

என் கல்யாணச் சீரில் வந்த ஏசி மேல் என் மாமியார் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு முனையையும் இழுத்துச் செருகி, அவ்வளவு பொறுப்பாக மூடினார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆகவே நான் இதை நடுநிலையோடு சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் மாரீஸ்வரி. பிறந்தது ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் அரை மணி நேரம். கணவர் விக்னேஸ்வரன் ராணுவத்தில் இருக்கிறார், ராஜஸ்தான் பக்கம். வைகாசியில் நாற்பது நாள் லீவில் வந்து தாலி கட்டிவிட்டு, ஆனி பாதியில் திரும்பிப் போனார். “மாப்பிள்ள பாலைவனத்துல கெடந்து வேகுதாரு. லீவுக்கு வாரப்பவாவது குளுகுளுன்னு தூங்கட்டும்” என்று என் அப்பாதான் ஆசைப்பட்டு அந்த ஏசியை வாங்கினார். அப்பா பெயர் சமுத்திரம். ஒரு நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்து, போன சித்திரையில்தான் ரிட்டயர் ஆனார்.

ஆடி மாதம் முதல் பில் வந்தது. என் மாமனார் சோலைச்சாமி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் எந்தச் செய்தி வந்தாலும் ஸ்டேஷனில் புகார் வாசிப்பதுபோல உரக்க வாசிப்பார். “ரூபாய் ஐயாயிரத்து நானூற்றுப் பத்து” என்று வாசித்ததும் அடுக்களையில் கரண்டி கீழே விழுந்தது. அதுவரை இரண்டு மாதத்துக்கு ஆயிரத்து முந்நூறைத் தாண்டியதே இல்லையாம். வீட்டுக்குப் புதிதாக வந்தது இரண்டு. ஒன்று ஏசி, இன்னொன்று நான். என்மேல் துண்டைப் போட்டு மூட முடியாது, அதனால் ஏசி மேல் விழுந்தது.

“புருசன் இல்லாத ரூமுக்கு ஏசி எதுக்குட்டி?” என்று கேட்டார் அத்தை. அவர் பெயர் மாடத்தி.

புதுப்பெண் ஆயிற்றே என்று நானும் அடங்கிப் போனேன். சுவிட்சை அணைத்ததோடு நில்லாமல், கரண்ட் பெட்டியில் ஏசிக்கென்று தனியாக இருந்த எம்சிபியையே இறக்கி வைத்தேன். ஆவணி முழுக்க வியர்வையில் நனைந்துகொண்டு தூங்கினேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த பில். மாமா வாசித்தார். “ரூபாய் ஐயாயிரத்து ஐந்நூற்று அறுபது.”

ஓடாத ஏசி, ஓடிய ஏசியைவிட நூற்றைம்பது ரூபாய் அதிகமாகத் தின்றிருக்கிறது! இதற்கு என்ன சொல்வார்கள் என்று அத்தை முகத்தைப் பார்த்தேன். அவர் அசரவே இல்லை.

“சொவத்துல மாட்டி வச்சிருந்தாலே கரண்டை இழுக்கும்னு டீவியில சொன்னான்” என்றார். “எம் மகளப் பாரு. வெள்ளத்தாய் வீட்டுல நூறு யூனிட்டைத் தாண்டுனதே இல்ல. பில்லே வராது. அதெல்லாம் வளந்த வளப்பு.”

வெள்ளத்தாய் என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி. பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஒன்றுதான். அவர் கணவர் பாண்டிதுரை திருப்பூரில் லாரி ஓட்டுகிறார், நினைவு வந்தால் பணம் அனுப்புவார். மதினி இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றுத்தான் குடும்பத்தைத் தள்ளினார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். பில்லே வராமல் குடும்பம் நடத்துகிற கெட்டிக்காரி ஒருத்தி பக்கத்தில் இருக்க, நான் மட்டும் ஊதாரிப் பட்டம் வாங்கிக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே அத்தையின் அண்ணன் மகன் கௌதம்ராஜ் வந்தான். சோலார் போட்டுக் கொடுக்கிற தொழில். மாடிக்குப் போய் அளந்துவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்தான். பேனல் எத்தனை, அரசாங்க மானியம் எவ்வளவு என்று அவன் சொன்னது எதுவும் அத்தை காதில் ஏறவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

“பேட்டரி எம்புட்டு உசரம் இருக்கும்?”

“இடுப்பு உசரம் இருக்கும் அத்தை. சொவத்துல மாட்டிக்கிடலாம்.”

“ஹால்ல மாட்டலாமா?”

“மாட்டலாம்.”

“அப்ப பேட்டரியோடயே போடு. பேனலு மாடியில கெடக்கும், எவ ஏறிப் பாக்கப் போறா? தலை தீவாளிச் சீருன்னா வீட்டுக்கு வாரவுக கண்ணுல படணும்ல?”

சீர் என்ற சொல் விழுந்ததும்தான் எனக்கு விஷயம் உறைத்தது. வாங்கப் போவது இவர்கள் இல்லை, என் அப்பா.

கிளம்பும்போது வாசலில் மோர் கொடுக்கிற சாக்கில் கௌதம்ராஜைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, பேட்டரி இல்லாமப் போட்டா ராத்திரிக்கு என்ன செய்ய?”

“பகல்ல வீடு எடுத்தது போக மிச்ச கரண்டை ஈபி வாங்கிக்கிடுவாகக்கா. ராத்திரிக்கு அவுககிட்ட எடுத்துக்கிடலாம். கணக்குல கழிச்சுக்கிடுவாக.”

“அப்ப பேட்டரி எதுக்கு?”

“கரண்டு போனா ஓடும். பேட்டரி இல்லேன்னா, ஈபி கரண்டு போறப்ப பேனலும் நின்னுரும், எம்புட்டு வெயில் அடிச்சாலும்.”

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புப் பணி என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எங்கள் தெருவில் நிறுத்துவார்கள். கல்யாணமானதிலிருந்து அந்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன், மொத்தம் நாலு வட்டம். அதற்கும் வீட்டில் பழைய இன்வெர்ட்டர் இருந்தது, ஃபேனும் லைட்டும் ஓடும். இதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான்.

“பேட்டரிக்குப் போட்ட காசு திரும்பி வாரதுக்குள்ள பேட்டரிக்கே வயசாயிரும்க்கா. பிளவக்கல் பக்கம் தோட்டத்து வீட்டுல இருக்கவுக போட்டா அர்த்தம் உண்டு, அங்க காத்தடிச்சாலே கரண்டு போயிரும். வீட்டுல நோயாளிக்கு மிஷின் ஓடுதுன்னாலும் போடலாம். ஒங்களுக்கு ஹால்ல அழகா இருக்கும், அம்புட்டுதான். நான் விக்கிறவன், இதப் போயி அத்தைட்ட சொல்லிராதீக.”

அத்தை அன்றே அப்பாவுக்குப் போன் போட்டார். “மோதிரம் கீதிரமெல்லாம் வேண்டாம்ணே. ஒங்க மக ஓட்டுற ஏசிக்கு நீங்களே கரண்டுக்கு வழி பண்ணிருங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா, “செஞ்சிருவோம் தங்கச்சி” என்று சொன்னாராம். ராஜபாளையத்து வீட்டில் இரண்டு ட்யூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். நூறு யூனிட் இலவசத்துக்கு மேல் போனால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அந்த மனிதர் இந்த வீட்டுக்கு, பேட்டரியோடு சேர்த்து மூன்று லட்சத்துக்குக் கரண்ட் வாங்கித் தர வேண்டும்.

மறுநாள் என் தங்கை கார்த்திகா கூப்பிட்டாள். நர்சிங் முதல் வருஷம் முடித்திருந்தாள்.

“அக்கா, என் பீஸுக்கு வச்சிருந்தத அப்பா எடுக்காரு. நான் ஒரு வருசம் நின்னு படிச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டேன். நீ ஒண்ணும் நெனைக்காத.”

நினைக்காமல் எப்படி இருப்பது? ஹாலில் வருகிறவர்கள் கண்ணில் படுவதற்காக ஒரு பேட்டரி, அதற்காக என் தங்கை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, ஏசி ஓடாமலே பில்லு ஏறுது. வேற எங்கயோ கரண்டு போகுது. நீங்க ஒரு எட்டு வந்து மீட்டரைப் பாருங்க.”

“பொண்ணு குடுத்த வீட்டுல போயி ஃபியூஸ் கட்டையக் கழட்டச் சொல்றியா?” அப்பா குரலில் உண்மையான பயம். “சம்பந்தி வீட்டச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா? ஒன்னைய நாளைக்கு என்ன சொல்லுவாக?”

முப்பத்தோரு வருஷம் ஒரு மில் முழுக்க எந்த மூலையில் கரண்ட் கசிந்தாலும் கண்டுபிடித்த மனிதர், பெண் கொடுத்த வீட்டில் ஒரு மீட்டர் பெட்டியைத் திறக்க மாட்டார். ஆனால் மூன்று லட்சம் மட்டும் கொடுப்பார். என்ன முறை இது? போனைக் கட்டிலில் எறிந்தேன். முறை அப்பாவுக்குத்தானே, எனக்கு இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

அடுத்த புரட்டாசிச் சனிக்கிழமை மாமாவும் அத்தையும் மலைப் பெருமாள் கோயிலுக்குப் போனார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், மோட்டாரை நிறுத்தினேன், இன்வெர்ட்டரை எடுத்துவிட்டேன், சாமி படத்துக்கு மேலே எரிகிற குட்டி பல்பைக்கூட விட்டுவைக்கவில்லை. போய் மீட்டரைப் பார்த்தேன். ஒன்றுமே ஓடாத வீட்டில் மீட்டரின் சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது, அதுவும் வேகமாக.

மெயினைக் கீழே இழுத்தேன். சிமிட்டல் நின்றது. அதே நொடியில் பக்கத்து வீட்டில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது.

“ஏட்டி மாரி! கரண்டு போயிருச்சா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மதினியின் குரல். எதிர்வீட்டில் டீவி பாடிக்கொண்டிருந்தது. மெயினை மறுபடி ஏற்றினேன். கிரைண்டர் ஓடியது. கொல்லைக்குப் போய்த் தேடினேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியே ஒரு கறுப்பு வயர் பாசி படிந்து அந்தப் பக்கம் போனது.

மாமா கடைத்தெருவில் இறங்கிக்கொண்டதால் தனியாக, நெற்றியில் நாமத்தோடு வந்த அத்தையை அந்த வயர் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். அத்தை முதலில் முழித்தார், பிறகு அதட்டினார், கடைசியில் அழுதுகொண்டே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷத்துக்கு முன் மதினி வீடு கட்டும்போது வேலைக்காக இழுத்த வயர் அது. வீட்டுக்கு மீட்டர் வந்த பிறகும் யாரும் அறுக்கவில்லை. வைகாசிக்குப் பிறகு மதினி பெரிய கிரைண்டரும் மாவு வைக்கப் பெரிய ஃபிரீசரும் வாங்கியதும், இரண்டையும் இந்த வயரில் மாட்டிக்கொடுத்தது அத்தைதான்.

“அவ மீட்டர்ல ஓட்டுனா கடை ரேட்டுப் போட்டுருவான்டி. அவ புருசன் ஒழுங்கா இருந்தா நான் ஏன் இதைச் செய்யுதேன்?” என்றார். பிறகு தலையை நிமிர்த்தினார். “எம் மகன் சம்பாத்தியத்துல எம் மக தின்னா ஒனக்கு என்னட்டி வலிக்கி?”

“ஒண்ணும் வலிக்கல அத்தை. தாராளமா ஓடட்டும். ஆனா அத எங்கப்பன் தலையில எழுதாதீக.”

உண்மையில் எனக்கு மதினி மேல் கோபமே இல்லை. அத்தை மேல்கூட பாதிக் கோபம் அந்தக் கல்லருகிலேயே போய்விட்டது. அழுதுகொண்டிருந்த அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சோலார் போட்டால் ஈபிக்காரர்கள் வந்து மீட்டரை மாற்றுவார்கள், வயரிங் முழுக்கப் பார்ப்பார்கள், இந்த வயர் அன்றைக்கே மாட்டிக்கொள்ளும் என்று சொன்னேன். அத்தைக்கு அது தெரியவே தெரியாது. தன் மகளைக் காட்டிக்கொடுக்கிற பெட்டியைத்தான் ஹாலில் மாட்ட ஆசைப்பட்டிருக்கிறார்!

“அடுத்த வாரம் அப்பா அழைக்க வருவாரு. அப்ப நீங்களே சொல்லிருங்க, பில்லு ஏறுனது ஏசியால இல்லேன்னு. வயரப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றேன். அத்தை தலையை ஆட்டினார். நானும் நம்பினேன்.

தலை தீபாவளிக்கு அழைக்க அப்பாவும் அம்மாவும் தட்டில் பழம், பூ, வெற்றிலையோடு வந்தார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மாமா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை காப்பியை நீட்டிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“அண்ணே, அந்த சோலாரு பேட்டரியெல்லாம் வேண்டாம்ணே. ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?”

அப்பா முகம் மலர்ந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கும் நெஞ்சு இளகியது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாரே என்று.

“புள்ள ஏசி போட்டுப் பழகிருச்சு, அதுக்கு நாம என்ன செய்ய?” அத்தை தொடர்ந்தார். “இந்த ரெண்டு பில்ல மட்டும் நீங்க கெட்டிருங்க. மத்தத நாங்க பெரிசு பண்ணல.”

“அதுக்கென்ன தங்கச்சி, முறைதான” என்றார் அப்பா. அவருடைய கை சட்டைப் பைக்குப் போனது.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. வயர் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கும் அதோடு அறுந்தது.

“அப்பா, கைய எடுங்க.”

“ஏட்டி மாரி, உக்காரு” என்றார் அப்பா.

“ஆவணி பூரா அந்த ஏசி ஓடல. எம்சிபியவே எறக்கி வச்சிருந்தேன். நம்பிக்கை இல்லாட்டி வந்து மீட்டரப் பாருங்க.”

“நான் பாக்கக் கூடாதும்மா.”

“நீங்க பாக்கக் கூடாது. நான் பாக்கலாம். இது என் வீடு.”

யாரும் தடுப்பதற்குள் போய் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மெயினை இழுத்தேன். ஹாலில் ஃபேன் நின்றது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் நின்றது. மாமா போலீஸ்காரர். எழுந்து நின்று, சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அத்தையைப் பார்த்தார்.

“அது எப்படி அங்க நிக்கும்?” என்றார் மெதுவாக.

முழங்கை வரை மாவோடு மதினி கொல்லை வழியாக உள்ளே வந்தார். “மறுபடியும் போயிருச்சா? உளுந்து பாதியில நிக்கி...” என்றவர் கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“மதினி, ஒங்க கிரைண்டரும் ஃபிரீசரும் எங்க மீட்டர்ல ஓடுது” என்றேன்.

“அது தெரியுமே. தம்பிதான் ஓட்டிக்கிடச் சொன்னான், அய்யாவுக்கும் தெரியும்னு அம்மா சொல்லுச்சு.” மதினி மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தில் எதுவும் தெரியவில்லை. “அய்யா? ஒங்களுக்குத் தெரியாதா?”

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அந்தப் பில்ல இந்தப் புள்ள மேலயா போட்ட?” மதினியின் குரல் உடைந்தது. “ஏசிக்குத் துண்டு போட்டன்னு சொன்னப்ப நானும் சேந்துல்ல சிரிச்சேன். மாவு வித்துச் சாப்பிடுதேன், களவாண்டு சாப்பிடலம்மா. இப்பவே அறுத்துவிடுங்க அய்யா.”

நான் போய் மெயினை ஏற்றினேன். ஃபேன் சுற்றியது.

“ஊறப்போட்ட உளுந்து வீணாப்போகும். போயி அரைச்சு முடிங்க மதினி. பொறவு அறுப்போம்.”

மதினி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மாவுக் கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினார். என் ஏசி ஒன்றும் தின்னவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் கணவர் லீவில் இருந்தபோது அதுவும் தின்றதுதான், எழுபது யூனிட் இருக்கும். அந்த எழுபதுக்கு என்ன பில்லோ அதற்கு நான் பொறுப்பு. மற்றதற்கு என் அப்பா எதற்கு?

கிரைண்டர் ஓய்ந்ததும் அப்பா எழுந்தார். சட்டைக் கையை மடக்கிவிட்டார்.

“மச்சான், டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் இருக்கா?”

மாமா தானே போய் எடுத்து வந்தார். இரண்டு சம்பந்திகளும் கொல்லையில் குனிந்து நின்றார்கள். மெயினை இறக்கச் சொல்லிவிட்டு அப்பா வயரை வெளியே இழுத்து, சுவருக்குள் இருந்த பகுதியைக் காட்டினார். ரப்பர் உருகிக் கறுத்திருந்தது. “இம்புட்டு சன்ன வயர்ல இம்புட்டு லோடா? அடுத்த மழைக்குத் தாங்கியிருக்காது மச்சான். தொவைக்கிற கல்லுல நிக்கிற பொம்பளைகதான் மாட்டியிருப்பாக” என்றார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பெண் கொடுத்த வீட்டில் மீட்டரைத் தொடக் கூடாது என்று இருந்தவர் அவர்தானே. வயரை அறுத்துவிட்டு, அவரே உள்ளே வந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்த்து மாட்டினார்.

“வெள்ளத்தாயிக்குக் கடைக்குன்னு தனி மீட்டரு எழுதிப் போடுவோம்” என்றார் மாமா. “சோலாரு வேணும்னா எம் பென்சன்ல போட்டுக்கிடுதேன். கௌதமுகிட்ட பேனலுக்கு மட்டும் வெல கேளும்மா. ஹால்ல மாட்டுறதுக்கு ஒண்ணும் வேண்டாம்.”

“அடுத்த பில்லு வரட்டும் மாமா. ஐந்நூறு யூனிட்டுக்குள்ள நின்னுச்சுன்னா பேனலும் வேண்டாம்.”

அம்மா என் கையை அழுத்தி, போதும் என்று கண்ணால் சொன்னாள். கார்த்திகாவின் பீஸ் தப்பித்துவிட்டது, அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் எனக்கு ஒன்று பாக்கி இருந்தது.

“அத்தை.”

அத்தை அடுக்களை வாசலில் நின்றிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அந்தத் துண்டு” என்றேன். “நான் எடுக்க மாட்டேன். போட்டவுகதான் எடுக்கணும்.”

அப்பா கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் டெஸ்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போனார். ஸ்டூல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடித்த துண்டை என் கையில் கொடுத்தார்.

“தூசியா இருக்கு. தொவச்சுப் போடு” என்றார்.

“நீங்களே தொவச்சுருங்க அத்தை” என்று துண்டை அவர் தோளிலேயே போட்டேன்.